செம்போத்து கேட்டது, தேன்சிட்டு கேட்கவில்லை

ரிடயர் ஆன கணவரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு எழுதும் சகோதரிகள் அடிக்கடி கேட்கிறார்கள். கடுகு டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறார், கேஸ் எத்தனை நாள் வந்தது என்று கணக்கு எழுதுகிறார், வேலைக்கார அம்மாவுக்கு நேரம் தவறாமையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்... எங்கள் வீட்டிலும் முதல் ஆறு மாதம் இதே கூத்துதான். மதுரையில் ஒரு மில்லில், தறிக் கூடத்தில் 34 வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். திடீரென்று மேய்க்க ஆள் இல்லாமல் போனால் என்னை மேய்க்காமல் வேறு யாரை மேய்ப்பார், பாவம்!

அப்புறம்தான் எங்கள் மகள் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தாள். வண்டியூர் கண்மாய்க் கரையில் ஆரம்பித்தது அந்தப் பைத்தியம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் தினம் நடக்கச் சொல்லியிருக்கிறார். இவர் பறவை பார்க்கப் போவார், நான் கூடவே நடக்கப் போவேன். போகப் போக நானும் நின்று பார்க்க ஆரம்பித்தேன். சாலிம் அலியின் புத்தகம் ஒன்று, ஆளுக்கு ஒரு நோட்டு. பார்த்த பறவைக்குப் பக்கத்தில் 'பா', குரல் மட்டும் கேட்டால் 'கே' என்று எழுத வேண்டும். இது இவர் போட்ட சட்டம். மில் ரிஜிஸ்டர் எழுதிய கை சும்மா இருக்குமா?

போன வருஷம் தை மாதம் இந்தப் பைத்தியம் முற்றிக் கடற்கரை ஓரமாகவே ஒன்பது நாள் சுற்றுவது என்று முடிவாயிற்று. மதுரையிலிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து சாயல்குடி, ராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி, பிறகு தொண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் என்று கோடியக்கரை. போக வர 900 கிலோமீட்டர் இருக்கும். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று எங்களிடம் உண்டு. அதன் பின்னால் மாட்ட இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைப் பட்டறையில் சொல்லிக் கட்டி, முறைப்படி பதிவும் பண்ணினார். மேலே தார்ப்பாய்க் கூரை. "கல்யாணச் சீர் ஏத்தப் போறீங்களா?" என்று தெருவே கேட்டது.

டிரெய்லரில் பாதி என் ராஜ்யம். ஒற்றை அடுப்பு ஸ்டவ், மூன்று தண்ணீர் கேன், சத்துமாவு, மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். மற்ற பாதியில் என்ன இருந்தது என்று எழுதக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் பெண்கள் பத்திரிகையில் இதை எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, மூடி போட்ட வாளி, சுற்றிலும் கட்ட நாலு கம்பும் திரையும். வெளியூர் கிளம்பினால் நம்மில் எத்தனை பேர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம்! அடக்கி அடக்கி, ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஆன்டிபயாடிக். சர்க்கரைக்காரிகளுக்கு இன்னும் மோசம். அந்த ஒன்பது நாளும் நான் வேளை தவறாமல் தண்ணீர் குடித்தேன். கடற்கரைச் சாலையில் மகாராணி மாதிரி போனேன் என்றே சொல்லலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயணத்தில் நான் பார்த்த பறவைகளைவிட, இவருக்குக் கேட்காமல் போன பறவைகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நாளே தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு சண்டை. பாத்திகளில் பூநாரைகள் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, மாவு சலிப்பது போலச் சலித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறமே அந்தச் சாப்பாட்டிலிருந்து வருவதுதான். உப்புத் தண்ணீரில் வளரும் பாசியிலும் சின்னஞ்சிறு கூனிகளிலும் உள்ள நிறப்பொருள் இறகில் ஏறுகிறது. பார்த்து முடித்துக் கிளம்பும்போது, வரப்பு மேல் வண்டியைத் திருப்ப இடம் இல்லை. ரிவர்ஸ் எடுத்தார். டிரெய்லர் மாட்டிய வண்டியை ரிவர்ஸ் எடுப்பது லேசில்லை. நாம் இடது பக்கம் ஒடித்தால் அது வலது பக்கம் போகும். நான் பின்னால் நின்றுகொண்டு, "நிறுத்துங்க... நிறுத்துங்க!" என்று கத்துகிறேன். இவர் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார். நான் விலகிக் குதித்தேன். டிரெய்லர் சக்கரம் வரப்பிலிருந்து சரிந்து வாய்க்காலில் இறங்கியது. ஒரு கேன் தண்ணீர் போச்சு, புளிக்காய்ச்சல் பாட்டில் உடைந்தது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். அந்த வெயிலில், அந்த உப்பில் நாள் பூராவும் நிற்கிற கைகள். "ஏன் அக்கா, வண்டிச் சத்தத்துல கத்தினா யாருக்குக் கேக்கும்? கையைக் காட்டுங்க" என்றாள் ஒருத்தி. எனக்கு அந்த வார்த்தை அப்போது ஏறவில்லை. "நான் சொன்னா என்னிக்குத்தான் காதுல வாங்கியிருக்கார்?" என்று பொருமினேன்.

மறுநாள் சாயல்குடியை அடுத்த மேலச்செல்வனூர் கண்மாய். கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. வளர்ந்த நாரைகளுக்குக் குரல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அலகைத் தட்டித்தான் பேசிக்கொள்கின்றன. எங்கள் நிலைமையும் அன்றைக்கு அதுதான். அவர் டம்ளரை டக்கென்று வைப்பார், நான் கரண்டியை டக்கென்று வைப்பேன்.

தனுஷ்கோடியில் கோபம் கொஞ்சம் கரைந்தது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிந்த சுவர்களைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? அரிச்சல்முனையில் கடற்காகங்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. லடாக்கிலும் திபெத்திலும் உள்ள மேட்டு ஏரிகளில் முட்டையிட்டுவிட்டுக் குளிருக்கு இங்கே இறங்கி வருகிறவை. கொசு உள்ளான் என்று ஒரு பொடிப் பறவை, 25 கிராம் எடை இருந்தால் அதிகம், ஒரு பிடி துவரம்பருப்புகூட அதைவிடக் கனக்கும். அது துருவப் பிரதேசத்திலிருந்து வருகிறது! தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று 2025ல் சரணாலயமே அறிவித்துவிட்டார்கள்.

கடைசியாகக் கோடியக்கரை. வெளிமான்களுக்காக 1967ல் சரணாலயமான இடம். ஒரு பக்கம் சேறும் உப்புநீரும், இன்னொரு பக்கம் பாலை மரங்கள் நிறைந்த பச்சைக் காடு. அந்தக் காட்டுப் பாதையில் நடந்தபோது இவர் சட்டென்று நின்று விரலை உயர்த்தினார். "செம்போத்து! அதோ, அந்தப் புதருக்கு அந்தப்பக்கம்." தூரத்தில் 'ஊப், ஊப், ஊப்' என்று பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். எனக்கே அப்புறம்தான் கேட்டது. "அடேயப்பா, காது பாம்புக் காதுதான். நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தங்கின இடத்தில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். தினமும் செய்வதுதான். அன்றைக்கு ஏனோ நான் முதல் நாளிலிருந்தே புரட்டினேன். 'கே' போட்ட பறவைகளை மட்டும் பார்த்தேன். என் நோட்டில் தேன்சிட்டு, பூக்கொத்தி, கதிர்க்குருவி, சின்ன நீல மீன்கொத்தி, செம்போத்து, புறா, மயில் எல்லாம் இருந்தன. இவர் நோட்டில் செம்போத்து, புறா, மயில், கௌதாரி, காகம். அவ்வளவுதான். ஆறு நாளாக ஒரே பாதையில், பக்கத்தில் பக்கத்தில் நடந்திருக்கிறோம். மெல்லிய குரல் உள்ள பறவை ஒன்றுகூட அவர் நோட்டில் 'கே' வாங்கவில்லை.

ஏதோ மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை தங்கின இடத்து வாசலில் செம்பருத்திச் செடியில் ஒரு தேன்சிட்டு. ஐந்தடி தூரம்கூட இல்லை. கீச்சு கீச்சென்று ஊசி மாதிரி குத்துகிற குரலில் விடாமல் கத்துகிறது. இவர் பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் ரசித்துக்கொண்டு சொன்னார்: "பாவம், வாயைத் திறந்து திறந்து மூடுது பாரு. தாகமோ என்னவோ."

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. எடுத்துவிட வேண்டும், எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால்தான் என்ன கட்டி என்று தெரியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இவர் பக்கம் திரும்பி, "எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன். பதிலே இல்லை. தூங்கவில்லை, புரண்டு படுத்தது தெரிந்தது. அன்றைக்கு என் மனசில் ஒரு கதவைச் சாத்தினேன். ஆபரேஷன் ஆயிற்று, சாதாரணக் கட்டிதான் என்று ரிசல்ட்டும் வந்தது. சாத்தின கதவு சாத்தினதுதான். அதற்கப்புறம் சாமான் லிஸ்ட், மருந்து, பேரன் விஷயம், இவ்வளவுதான் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று "சார்" என்றால் எழுந்து போகிறாரே, நான் அடுப்படியிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாரே என்று அந்தக் கணக்கையும் கூடவே எழுதிக்கொண்டு வந்தேன்.

தேன்சிட்டைப் பார்த்த அன்று மத்தியானம் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "ஆபரேஷனுக்கு முந்தி ஒரு நாள் ராத்திரி நான் பயமா இருக்குன்னு சொன்னேனே, கேட்டுச்சா?"

"என்னிக்கு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ ஒண்ணும் சொல்லாம படுத்திருக்கேன்னு நினைச்சேன்மா. நமக்கே இப்படி நடுங்குதே, இவ எவ்வளவு தைரியமா இருக்கான்னு நினைச்சேன். எல்லார்கிட்டயும் அதைத்தானே பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஆமாம், சொன்னார்தான். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில்கூடச் சொன்னார். நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

மதுரை திரும்பிய வாரமே காது டாக்டர். முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பிறகு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்து ஒரு வரைபடம் எடுத்தார்கள். ஆடியோகிராம் என்று பெயர். அதில் கோடு இடது பக்கம் சமமாக வந்து, வலது பக்கம் மலைச் சரிவு மாதிரி இறங்கியிருந்தது. தாழ்ந்த சத்தங்கள் நன்றாகவே கேட்கின்றன, உச்சக் குரல்கள் போய்விட்டன. இவருடைய பறவை நோட்டில் இருந்த அதே கதைதான்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள், அதற்குள் மயிரிழை போன்ற நுனிகள் கொண்ட செல்கள். சுருளின் வாசல் பக்கம் இருப்பவை கீச்சுக் குரல்களை வாங்குபவை. வயதாகும்போது முதலில் போவதும் அவைதான், இரைச்சலில் வருஷக்கணக்காக வேலை செய்தால் முதலில் அடிபடுவதும் அந்தப் பக்கத்து செல்கள்தான். போனால் மறுபடி முளைக்காது. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலுக்கு மேல் சத்தம் காதுக்குக் கேடு என்று பொதுவாகக் கணக்கு. தறிக் கூடத்தில் 90ஐத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் மற்றவர்கள் சிரிப்பார்களாம்.

பேச்சிலும் அப்படித்தான். 'ஆ', 'ஊ' போன்ற உயிரெழுத்துச் சத்தம் தாழ்ந்தது, பலமானது. ச, த, ப போன்றவை மெல்லியவை. அதனால் பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. "கேக்குது, ஆனா புரியல" என்பார்கள். ஆண்களின் கட்டைக் குரல் பரவாயில்லை. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தான் முதலில் தப்பிப் போகும். முகம் தெரிந்தால் உதட்டைப் பார்த்துப் பாதி ஊகித்துவிடுவார்கள். இருட்டில் அதுவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் டி.வி. சத்தம் வரவர ஏறுகிறதா, போனில் பேரக்குழந்தை பேசினால் "இந்தா, நீயே பேசு" என்று உங்களிடம் நீட்டுகிறாரா, பத்துப் பேர் கூடின இடத்தில் ஒதுங்கி உட்கார்கிறாரா, கவனியுங்கள். மாமியார் "சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார்" என்று சலித்துக்கொள்ளும் மருமகள்களும் கவனியுங்கள். நடுவயதில் வரும் காது மந்தத்தைக் கவனிக்காமல் விடுவது பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2017லேயே சொல்லியிருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் சோதித்துக்கொள்ளலாம். வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காது மெஷினுக்கு விண்ணப்பிக்கலாம். இன்னொன்று, ஒரு காது திடீரென்று ஒரே நாளில் கேட்காமல் போனால், "சளியாக இருக்கும்" என்று உட்காராதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். சில நாள் தள்ளினால்கூட வைத்தியம் பலிக்காமல் போகலாம்.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்துக்குள் காது சோதனை செய்துவிடுவது நல்லது. வலிக்கவே வலிக்காது, தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். ஆறு மாதக் குழந்தை உங்கள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். பாட்டி சொன்னார் என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், ஹேர்ப்பின் விடுவதும், கோழி இறகால் குடைவதும் வேண்டாம். இறகு கோழி மேல் இருந்தால்தான் அழகு!

இவரை மெஷின் போட வைக்கத்தான் நான் பட்ட பாடு. "கிழவன்னு நெத்தியில போர்டு மாட்டிக்கணுமா?" என்றார். "42 வயசுலேர்ந்து மூக்குக் கண்ணாடி போட்டிருக்கீங்களே, அது என்ன போர்டு?" என்றேன். இரண்டு காதுக்கும் போட்டோம். முதல் இரண்டு வாரம் அழாத குறை. பேப்பர் புரட்டினால் சத்தம், செருப்புச் சத்தம், நான் பாத்திரம் கழுவினால் "ஏம்மா, இடி இடிக்கிற மாதிரி இருக்கு!" மூளை பழகிக்கொள்ள இரண்டு மூன்று மாதம் ஆகும், தினமும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பலர் இந்தக் கட்டத்தில்தான் கழற்றி டிராயரில் போட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வியர்வையும் அதற்கு எதிரி. ராத்திரி கழற்றித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் குளிகை போட்ட டப்பாவில் வைக்கிறோம்.

எல்லாம் திரும்பிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தேன்சிட்டு பாதிதான் கேட்கிறதாம். மீன்கொத்தி இன்னும் 'பா' மட்டும்தான். ஆனால் பேரன் போனில் சொல்லும் கதை முழுக்கப் புரிகிறது. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க உப்பளத்துப் பெண் சொன்னதைத்தான் பின்பற்றுகிறோம். சிவப்பு ரவிக்கைத் துணி ஒன்று, பச்சை ஒன்று. கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று காட்டுகிறேன். ராத்திரி மெஷினைக் கழற்றின பிறகு எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் விளக்கைப் போடுகிறேன். அவரும் எழுந்து உட்கார்கிறார். கரண்ட் பில் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

வருகிற ஜனவரியில் பழவேற்காடு போவதாக இருக்கிறோம். டிரெய்லருக்குப் புதுத் தார்ப்பாய் தைக்கக் கொடுத்திருக்கிறது. இந்தத் தடவை புளிக்காய்ச்சல் எவர்சில்வர் தூக்கில்தான்.